புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

எங்கள் வீட்டுத் துப்பாக்கியைக் கெடுத்தவள் நான்தான் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். நான் கெடுக்கவில்லை. கெடுத்தது யார் என்பது என்னைப் பெற்ற அய்யாவுக்குத் தெரியும்.

உச்சிப்புளிக்குத் தெற்கே, அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் கடலைத் தோட்டம். பன்றியையும் நரியையும் விரட்ட அய்யா பெயரில் ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது. வாய்வழியாகக் கரிமருந்தைக் கெட்டித்துச் சுடும் பழைய ஒற்றைக்குழல். மார்கழிதோறும் ராமநாதபுரம் தாலுகா ஆபீசில் அதைக் காட்டினால்தான் லைசென்ஸைப் புதுப்பிப்பார்கள். உப்புக்காற்றில் கதவுக்கீல் பொரிந்து உதிர்கிற ஊரில் துப்பாக்கிக் குழலைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. அய்யா தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயைத்தான் அதற்கும் தடவுவார். ஐப்பசி மழை முடிவதற்குள் குழலில் செம்பொடி பூத்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உச்சிப்புளியில் ரயிலேறி ராமநாதபுரத்தில் படித்தேன். தண்ணீரும் காற்றும் சேர்ந்தால்தான் இரும்பு துருப்பிடிக்கும் என்று வகுப்பில் சொன்ன அன்றே எனக்குத் துப்பாக்கி ஞாபகம் வந்தது. இரண்டையும் அண்டவிடாத எண்ணெய் எது? ஒவ்வோர் ஆணியை ஒவ்வோர் எண்ணெயில் முக்கி, கடலைப் பார்த்த வேலியில் நூல்கட்டித் தொங்கவிட்டேன்.

அய்யாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏலே தம்பி, ஒம் மக ஆணிக்கெல்லாம் எண்ணெய் தேய்ச்சு விட்டுருக்காளே. சீயக்காயும் வாங்கிக் குடு."

அய்யாவும் சிரித்தார். ஆனால் ஆணிகளைக் கழற்றச் சொல்லவில்லை.

தேங்காய் எண்ணெய் ஆணிதான் முதலில் சிவந்தது. விளக்கெண்ணெய் துருவைத் தடுத்தது, ஆனால் பிசினாகக் காய்ந்தது. அதைத் துப்பாக்கிக் குதிரைக்குப் போட்டால் விசை இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும். தங்கச்சிமடத்துப் படகுக்காரர்கள் மரத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெய்க்கு எறும்பு மொய்த்தது. தையல் மிஷின் எண்ணெய் வழுவழுப்பாக நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சில நாளில் வழிந்து ஓடிவிட்டது. தோப்புக்காரர் ஒருவர் தண்ணீர் இறைக்கிற இஞ்சினுக்கு வைத்திருந்த கிரீஸைக் கொஞ்சம் கொடுத்தார். அதில் முக்கிய ஆணி மழைக்காலம் முழுக்கக் கறுப்பாகவே இருந்தது.

ஒரே எண்ணெயைத் தேடியதுதான் பிசகு என்று அப்போது புரிந்தது. அசைகிற இடத்துக்கு மிஷின் எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு. சும்மா இருக்கிற குழலுக்கு உள்ளும் புறமும் மெல்லிய கிரீஸ். சுடுவதற்கு முன் உள்ளே இருக்கிற கிரீஸைத் துணியால் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். சுட்ட பிறகு கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கரியைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, மறுபடி பூச வேண்டும். எண்ணெய் பிடியின் மரக்கட்டைக்குள் இறங்காமல் இருக்கத் துப்பாக்கியை வாய் கீழே பார்க்கத் தொங்கவிட வேண்டும். அய்யா நான் சொன்னபடியே செய்தார்.

அந்த மார்கழியில் தாலுகா ஆபீஸ் அதிகாரி, கம்பியில் வெள்ளைத்துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு எடுத்துப் பார்த்தார். துணியில் துரு இல்லை.

"கடக்கரையில இருந்துக்கிட்டு இப்படி வச்சிருக்கீங்களே, யாரு பாக்குறது?"

"எம் மக சார். படிக்கிற புள்ள."

அய்யா அதைச் சொன்ன குரலை நான் பல நாள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்ததும் ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. அய்யா சரி என்றார். ஆனால் எங்கள் வீட்டில் பெரியப்பா சொல்லாமல் எதுவும் நடக்காது. துப்பாக்கி விஷயத்தைச் சொல்லித்தான் அய்யா அவரைச் சம்மதிக்க வைத்தார். அந்த வருஷம் வயது போதாது என்று பயிற்சிப் பள்ளியில் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆனிக்காகக் காத்திருந்தேன்.

இடையில் ஆயுதபூஜை வந்தது. நான் வீட்டுக்கு விலக்காகிப் பின்கொட்டகையில் இருந்தேன். துப்பாக்கிக்குச் சந்தனம் வைப்பதானால் கட்டையில் வையுங்கள், குழலில் வேண்டாம் என்று அங்கிருந்தே சொல்லியனுப்பினேன். அய்யா வாசல்வரை வந்து, "சரி தாயி" என்றார்.

குளித்து வீட்டுக்குள் போன நாளில் துப்பாக்கியைப் பார்த்தேன். குழலின் கருநீலம் போய், புதுத் தகரம் மாதிரி வெளுத்திருந்தது. காய்ந்த சந்தனத்தைச் சுற்றிலும் துரு.

"இத யாரும்மா தேய்ச்சது?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒங்க பெரியப்பாதான், கிரீஸ் நாத்தத்தோட சாமி முன்னால வைக்கப்படாதுன்னாரு. குத்துவிளக்குக்குக் கரைச்ச புளி இருந்துச்சு. அதையே போட்டுத் தேய்க்கச் சொன்னாரு. ஒங்க அய்யாதான் புடிச்சிக்கிட்டாரு, நான் தேய்ச்சேன்."

பித்தளை புளியில் பளபளக்கும். இரும்புக்குப் புளி விஷம். புளித்தண்ணீர் குழலின் வாய்க்குள்ளும் இறங்கியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன், துணி கிழியும்வரை இழுத்தேன். துரு வந்தது, அது அரித்த குழிகள் போகவில்லை.

மார்கழியில் அதே ஆபீஸ், அதே அதிகாரி. பெரியப்பாவும் வந்திருந்தார். கம்பியோடு வெளியே வந்த துணி செங்கல் நிறத்தில் இருந்தது. அதிகாரி குழலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல மருந்து கெட்டிச்சா கையோட போயிரும். போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருங்க. என்னத்தப் போட்டீங்க இதுக்கு?"

அய்யா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நமக்கு என்ன சார் தெரியும். புள்ளதான் மிஷின் எண்ணெய், கிரீஸுன்னு என்னத்தையோ போட்டுச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா பேசினார். "தேங்காய் எண்ணெய் போட்ட வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. படிச்சவ கைய வச்சா, போச்சு." அதிகாரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது ரயிலில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். "ஒரு துப்பாக்கியவே இந்தப் பாடு படுத்திட்டா. இவ போயி ஊரான் புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறா? பயிற்சியும் வேணாம் ஒண்ணும் வேணாம், மாப்பிள்ளையப் பாருலே." அய்யா ஜன்னலுக்கு வெளியே உடைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் தோட்டத்தில் அவர் தனியாக இருந்தபோது கேட்டேன்.

"புளின்னு ஏன் சொல்லல அய்யா?"

"அண்ணனப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படிச் சொல்லச் சொல்ற? நாலு பேரு முன்னால அவருக்குக் கொறச்சல் வந்துராதா? நீ சின்னப்புள்ள. ஒன்னச் சொன்னா ஒனக்கு என்ன போச்சு?"

அவர் வேண்டுமென்று என்னைக் காயப்படுத்தவில்லை. நிஜமாகவே எனக்கு எதுவும் போகவில்லை என்றுதான் நினைத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெரியப்பா சொன்னதெல்லாம் எனக்குப் புதிதில்லை. அவர் ஒருநாளும் என் பக்கம் நின்றதில்லை. வேலியில் தொங்கிய ஆணிகளை என்னோடு சேர்ந்து தொட்டுப் பார்த்தவர் அய்யா. உண்மை அவருக்குத் தெரியும். தெரிந்தே என் பெயரைச் சொன்னார்.

ஆனி வந்தது. பயிற்சிப் பள்ளி திறந்தது. என்னோடு படித்தவள் தகரப்பெட்டியோடு ரயில் ஸ்டேஷனுக்குப் போவதைத் தோட்டத்திலிருந்து பார்த்தேன்.

ஆடியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் புதிதாகத் துப்பாக்கி வாங்கி, என்ன எண்ணெய் போடலாம் என்று கேட்டு வந்தார். பெரியப்பாவும் இருந்தார். அய்யா என்னைப் பார்க்காமல், "அந்தப் புள்ளையக் கேளு" என்றார். அவமானப்பட்ட பிறகும் தப்பாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "பூசைக்குன்னு யாராவது புளி போட்டுத் தேய்க்கச் சொன்னா கேக்காதீங்க மாமா. எங்க துப்பாக்கி அதுலதான் போச்சு" என்றேன்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். வந்தவரும் சங்கடப்பட்டுக் கிளம்பினார். அய்யா என் பக்கம் திரும்பினார்.

"இப்ப ஒனக்குத் திருப்தியா?"

"இல்ல அய்யா. பயிற்சிப் பள்ளிக்கூடம் தொறந்து ஒரு மாசமாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.