தனி அடுப்பு

அறிக்கை நாலே வரி. மாநகரசபை அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த பெண் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"மணியை அடித்தேன். விண்ணப்பதாரர் முதலாம் மாடியில் இல்லை. இரண்டாம் மாடியில், வீட்டு உரிமையாளரின் சமையலறையில், அகப்பையுடன் நின்றார். முதலாம் மாடி அடுப்பின் மேல் இரண்டு சூட்கேஸ்கள் இருந்தன."

எழுதியவர் விஜிலே, அதாவது இத்தாலிய மாநகரக் காவலர். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் நிருபராக இருந்தவள் நான். அந்த நாலு வரியில் வெட்டுவதற்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை. மனிதர் பார்த்ததை மட்டும் எழுதியிருந்தார். அதனால்தான் எனக்கு வாடகை உதவி மறுக்கப்பட்டிருந்தது.

அது 2006. அண்ணன் நகரத்தின் பழைய பகுதியான போர்கோ வெக்கியோவில் ஒரு கட்டடத்தின் இரண்டு மாடிகளை வங்கிக் கடனில் வாங்கியிருந்தார். மேலே அவரும் அண்ணியும். கீழே நானும் எட்டு வயது மகளும். கணவர் நான் இத்தாலிக்கு வருமுன்பே இறந்துவிட்டார். வாடகை ஒப்பந்தம் முறைப்படி பதிவாகியிருந்தது. மாதந்தோறும் என் கணக்கிலிருந்து அண்ணனின் கணக்குக்குப் பணம் போனது. அது இல்லாமல் அவரால் வங்கிக்குக் கட்ட முடியாது. பிறகு நான் பராமரித்து வந்த சிஞ்ஞோரா, ஓர் இத்தாலியக் கிழவி, இறந்துபோனார். என் வேலையில் பாதி அவருடன் போயிற்று. வருமானம் குறைந்த வாடகைக் குடியிருப்பாளருக்கு மாநகரசபை உதவி தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன்.

உதவி வராவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தே இருந்தது. பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு குடும்பம் தங்கள் தாயோடு இரவும் பகலும் தங்கிப் பார்க்க ஆள் தேடியது. ஞாயிறு மட்டும் விடுமுறை. மகள் அண்ணியோடு இருப்பாள், அண்ணி அவளைப் பசிக்க விடமாட்டா. ஆனால் கிழமையில் ஆறு இரவு அவள் ஓர் ஊரில், நான் இன்னோர் ஊரில். மாத முடிவுக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன்.

"சகோதரனிடம் வாடகைக்கு இருப்பது தவறில்லை," என்றாள் கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண். "நீங்கள் இருப்பது தனி வீடா, ஒரே குடும்பமா என்பதுதான் கேள்வி. மறுபடி வந்து பார்க்கச் சொல்லி எழுதலாம். எழுதுகிறீர்களா?"

நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் சந்தையில் ஒன்றும் வாங்கவில்லை. இரண்டு வருடமாக எனக்குச் சந்தையில் வாங்க எதுவும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அரிசி, மீன், மிளகாய்த்தூள் எல்லாம் அண்ணியின் அலுமாரியில். இரண்டு மாடிக்கும் இடையிலிருந்த உட்படிக்கட்டின் கதவு ஒருநாளும் சாத்தப்பட்டதில்லை. நான் கறி வைத்தால் அண்ணி சோறு வடிப்பா. விஜிலே முதல்முறை வந்தபோது எதிர்வீட்டுக் கிழவி பல்கனியிலிருந்து சாமான் வாங்கக் கூடையைக் கயிற்றில் இறக்கிக்கொண்டே, "மேலே பார், எப்பவும் மேலேதான்!" என்று அவருக்கு வழி சொல்லியிருந்தாள். அவளும் பொய் சொல்லவில்லை.

அண்ணனிடம் விசயத்தைச் சொன்னேன்.

"இதுக்கு ஏன் பிள்ளை யோசிக்கிறாய்? சூட்கேசை இறக்கிப்போட்டு ஒரு பானையை ஏத்தி வை. முடிஞ்சுது."

"அது பொய் அண்ணை."

"பானை என்னெண்டு பொய்யாகும்?"

"வெறும் பானை பொய்தான். நான் கீழை சமைக்கப் போறன்."

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.

"அப்ப அடுப்பைப் பிரிக்கப் போறீர்."

வேறெந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். எங்கள் ஆட்களிடையே உறவுகள் ஒரே கூரையின் கீழ் பத்து வருடம் பேசாமல் இருந்தாலும் குடும்பம் ஒன்றுதான். உலை இரண்டாகிவிட்டால் அது சண்டை. சொத்துச் சண்டை அல்லது அதைவிட மோசமானது. காரணம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அண்ணிக்கு வலித்தது நியாயம். ஆனால் அறிக்கையில் எழுதியிருந்தது உண்மை. அதை மாற்ற முடியாது. அடுத்த அறிக்கையில் எழுத வேண்டியதைத்தான் மாற்ற முடியும்.

அன்று பின்னேரமே சூட்கேஸ்களை இறக்கினேன். எரிவாயு சிலிண்டர் வாங்கினேன், இரண்டு சட்டி, ஒரு பானை, ஓர் அகப்பை. மூன்று நாள் அண்ணி என்னோடு கதைக்கவில்லை. அண்ணன்தான் இறங்கி வந்து சொன்னார்: "அவ ரெண்டு சுண்டு அரிசியை அளக்கிறா, பிறகு ஒண்டைத் திருப்பிக் கொட்டுறா. பாக்கேலாமல் இருக்கு." மகள் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டாள். அவளை நான் தடுக்கவில்லை. மாமி வீட்டில் பிள்ளை சாப்பிடுவதை எந்த விஜிலேயும் குற்றம் சொல்லமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது, எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி அண்ணியை நெருங்கினார். குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

"என்ன, உங்கடை வீட்டிலை இப்ப உலை ரெண்டாம்?"

"ஓம், உலை ரெண்டுதான். உங்களுக்கு வாய் ஒண்டுதானே, அதை வைச்சே இவ்வளவு வேலை பாக்கிறியள்."

திரும்பி நடக்கும்போது அண்ணி எனக்கு முன்னால் பத்தடி போனா. துறைமுகத்துப் பக்கம் நாப்போலிக்குப் போகும் கப்பல் ஊதியது. வீதி முடக்கில் அவ சட்டென்று நின்றா.

"பால் காய்ச்சுவம்."

"என்ன அண்ணி?"

"சண்டைபிடிச்சுப் பிரியிற ஆக்கள் பால் காய்ச்சிப்போட்டே பிரியிறவை? புது வீட்டுக்குத்தான் பால் காய்ச்சிறது. எல்லாரையும் கூப்பிடும். அந்த மனிசியையும் கூப்பிடும்."

எனக்கு இது தோன்றவே இல்லை. அடுத்த சனிக்கிழமை பதினைந்து பேர் என் சிறிய சமையலறையிலும் படிக்கட்டிலுமாக நின்றார்கள். எதிர்வீட்டுக் கிழவியும் வந்தாள். பானைக்குக் கழுத்தில் பூக்கட்டி அடுப்பை மூட்டியது அண்ணி. பால் பொங்கி அடுப்பின் மேல் வழிந்தபோது கைதட்டினார்கள். கோவில் வாசலில் விசாரித்தவர் விடவில்லை.

"ரெண்டு வருசம் இருந்த வீட்டுக்கு இப்பத்தானோ குடிபூரல்?"

"அடுப்புக்கு இப்பத்தான் வயசு வந்தது," என்றா அண்ணி.

விஜிலே மறுபடி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மணிச் சத்தத்துக்கு முந்திக் கிழவியின் குரல் கேட்டது: "முதலாம் மாடி! இப்ப அவள் அங்கே!"

உள்ளே வந்தார். அதே மனிதர். அலுமாரியைத் திறக்கச் சொன்னார். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள். சட்டியின் மூடியைத் தூக்கி ஆவியில் முகத்தைச் சுருக்கினார். பிறகு மேசையைப் பார்த்தார். அங்கே அண்ணன் சோற்றில் கைவைத்தபடி இருந்தார்.

"இவர் யார்?"

"வீட்டுக்காரர்."

"வீட்டுக்காரர் ஏன் இங்கே சாப்பிடுகிறார்?"

ஒரு கணம் எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் சொல்வதற்கு உண்மையைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை.

"என் அண்ணன். இன்றைக்கு நான் மீன் வாங்கினேன். சாப்பிட வரச் சொன்னேன், வந்தார்."

அண்ணன் குழம்புக் கையோடு எழும்பி நின்றார். "கதவைத் தட்டிப்போட்டுத்தான் வந்தனான் எண்டு சொல்லு பிள்ளை."

மொழிபெயர்த்துச் சொன்னேன். விஜிலே சிரிக்கவில்லை. மேசை விளிம்பில் தாளை வைத்து எழுதினார். அச்சுக்கூடத்தில் பழகியவர்களுக்கு எழுத்தைத் தலைகீழாக வாசிக்க வரும். "அடுப்பு சூடாக இருந்தது. உரிமையாளர் விருந்தாளியாக வந்திருந்தார்."

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருந்தது. மாநகரசபையின் கடிதம் வந்திருக்கவில்லை. விஜிலே எழுதிய அந்த இரண்டு வரியை நம்பிப் பகேரியாவுக்குத் தொலைபேசி எடுத்து, என்னால் வர முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னேன். உதவி கிடைத்தது என்ற கடிதம் அதற்குப் பிறகு மூன்று கிழமை கழித்துத்தான் வந்தது.

கடிதம் வந்த அன்று பின்னேரம் உட்படிக்கட்டுக் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். அண்ணி அரிசி அளக்கும் சுண்டை வெறுமையாக ஏந்தியபடி நின்றா. உள்ளே வரவில்லை.

"வீட்டுக்காரி, அரிசி முடிஞ்சுபோச்சு. ஒரு சுண்டு கடன் தாரும். நாளைக்குத் தாறன்."

தலைதட்டி அளந்து கொடுத்தேன்.