அவனுக்கு மிச்சமிருந்த ஒரு விநாடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வெட்கம்.

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து கச்சிபௌலியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்குமாடிகளுக்கு நடுவே பாஸ்கெட்பால் மைதானம், பேத்தி ஆடிக்கொண்டிருந்தாள். வெயிலில் காய்ந்த ரப்பர் பந்தின் வாசனை மூக்கில் ஏறியதும் என் வலது கை தானாக வீச ஆரம்பித்துவிட்டது. பழைய நடுவர் கை. ஒருத்தி பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருத்தி நெருங்கி வந்து மறித்தாள். நடுவர் ஊதினார். உடனே ஒரு அப்பா செல்போனை நீட்டினார். வீடியோவை ஓடவிட்டு எண்ணினார்கள். சரியாக ஐந்து விநாடி. பேத்தி ஓடிவந்து, "தாத்தா, ரெஃப் கரெக்டே," என்று தெலுங்கில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. எங்கள் காலத்தில் இந்தப் போன் எங்கே போயிருந்தது?

விதியைச் சொல்லிவிடுகிறேன். பந்தைக் கையில் பிடித்து நிற்பவனை எதிராளி நெருங்கி மறித்தால், ஐந்து விநாடிக்குள் அவன் பந்தைக் கொடுக்க வேண்டும், கூடைக்கு எறிய வேண்டும், அல்லது தட்டிக்கொண்டு நகர வேண்டும். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. நெருக்கம் என்றால் எவ்வளவு? அப்போது ஓர் எட்டு வைக்கும் தூரம் என்பார்கள், இப்போது ஒரு மீட்டர் என்கிறார்கள். அளக்க நாடா கிடையாது, நடுவரின் கண்தான். சும்மா பக்கத்தில் நிற்கிறானா, மெய்யாகவே மறிக்கிறானா என்பதற்கும் அதே கண்தான். அந்த ஐந்து விநாடியையும் மனசுக்குள் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் கையை வீசிக் காட்ட வேண்டும்.

மற்ற நடுவர்கள் 'தௌசண்ட் ஒன், தௌசண்ட் டூ' என்று எண்ணுவார்கள். வெல்டிங் பட்டறையிலிருந்து நேராக வந்து விசிலைக் கையில் எடுக்கிற எனக்கு அது நாக்கில் சுளுக்கிக்கொள்ளும். நான் 'அருள் நிறைந்த மரியே' என்று எண்ணினேன். ஜெபத்தின் அந்த முதல் மூன்று சொல்லை ஒரு தரம் சொன்னால் ஒரு விநாடி. வீட்டு அலாரம் கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தது மனைவிதான். "ஜெபத்த வெச்சு விசில் ஊதுற ஒரே ஆளு நீங்கதான்," என்பாள். ஆனால் ஜெபத்துக்கு ஒரு குணம் உண்டு. அடுப்பில் சோறு இருந்தால் எங்கள் வீட்டு ஜெபமாலையின் கடைசிப் பத்து மணி எப்படி வேகமெடுத்து ஓடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மைதானத்தில்தான் அது நினைவுக்கு வரவில்லை.

அல்வாலில் ஓர் இறுதி ஆட்டம், நடுவர் நான். காஞ்சன்பாக் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து, விளையாட்டு கோட்டாவில் ஓர் ஆளை எடுக்க அதிகாரிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இருந்தது ஒரே ஒரு வேலை. அதை நம்பி ஆட வந்த ஆரோக்கியம் எங்கள் சர்ச் பங்குக்காரன், கோவிலில் எனக்கு முன் பெஞ்சு. கைக்குழந்தைக்காரன், நிலையான சம்பளம் இல்லை. ஆட்டத்துக்கு முன் என்னிடம் வந்தான். "அண்ணே, எனக்காக நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். வேண்டிக்கிட்டா போதும்."

கடைசியில் அவன் அணி ஒரு புள்ளி முன்னால். பதினொரு விநாடி மிச்சம். கோட்டுக்கு வெளியிலிருந்து வந்த பந்தை அவன் வாங்கினான், கடிகாரம் ஓடத் தொடங்கியது, அந்த நொடியே எதிராளி கையை விரித்து மறித்தான். நான் கை வீசினேன். அருள் நிறைந்த மரியே. இரண்டாவது தரம் சொல்லும்போதே அது எண்ணிக்கையாக இல்லை, வேண்டுதலாகிவிட்டது. தாயே, இவன் பந்தைக் கொடுத்துவிடட்டும். வேண்டுதல் வேகம் பிடித்தது. ஐந்தாவது முடிந்ததும் ஊதினேன்.

மேசையில் நேரம் பார்த்த பாஷா பாய் ஸ்டாப் வாட்சை என் பக்கம் திருப்பினார். ஏழு. பதினொன்றில் ஏழு போனால் நான்கு.

"சாரிச் ஹுவே மியா. வாபஸ் லேலோ," என்றார் மெதுவாக. நான்குதான் ஆச்சு, விசிலைத் திரும்ப வாங்கிக்கொள் என்று.

அதற்குள் எதிரணிப் பக்கம் ஒரு குரல்: "பாரு பாரு, ரெண்டு பேரும் ஒரே சர்ச்சு. இப்ப மாத்துவாரு பாரு."

பயந்துவிட்டேன். "நக்கோ பாய்," என்றேன், வேண்டாம் என்று. அந்த ஒரு சொல்தான். பந்து எதிரணிக்குப் போய்க் கூடையிலும் விழுந்தது. வேலை, அவனை மறித்து நின்றவனுக்குக் கிடைத்தது.

பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "தெரிஞ்சே தப்பா ஊதினியா?" என்று கேட்டார் சாமியார்.

"இல்ல சாமி."

"அப்ப பாவமில்ல. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுப் போ."

பரிகாரமாக வேறு எதையாவது கொடுத்திருக்கலாம். வாட்சைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டதை அவரிடம் நான் சொல்லவில்லை.

ஆரோக்கியம் பிறகு கம்பெனி பஸ் ஓட்டினான், இதே கச்சிபௌலி நெரிசலில், ரிட்டையர் ஆகும் வயது வரை. பங்குத் திருவிழாவில் யாராவது பழைய ஆட்டத்தைக் கேட்டால், "நமக்குக் கை ஸ்லோப்பா, பந்த வெச்சிக்கிட்டு தூங்கிட்டேன்," என்று அவனே சொல்லிச் சிரிப்பான். இந்த வருஷம் பொறுக்க முடியாமல் அவனைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னேன். "அது நாலுதான்டா. பாஷா பாய் வாட்ச காட்டினாரு. நான்தான் மாத்தல."

என் முகத்தையே பார்த்தான். "எம்மேல இரக்கப்பட்டு சொல்றீங்க. அஞ்சுதாண்ணே. விடுங்க, பிரியாணி ஆறுது."

மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நம்பவே இல்லை. இத்தனை வருஷம் சுமந்ததை இறக்கிவைக்கப் போனால், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பாஷா பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வாட்ச் எங்கே என்று அவர் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மைதானத்தின் மேல் இப்போது கல்யாண மண்டபத்துக் கார்கள் நிற்கின்றன. அவன் நின்ற இடம் எது, மறித்தவன் நின்ற இடம் எது என்று போய்த் தேடினாலும் தெரியாது. மிச்சம் இருக்கும் சாட்சி நான் ஒருவன்.

அதனால் கேட்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால், முக்கியமாக எங்கள் பங்கில் யாரிடமாவது சொன்னால், எனக்காக இரக்கப்பட்டு ஒன்றும் சேர்க்காதீர்கள், ஒன்றும் குறைக்காதீர்கள். ஆரோக்கியத்தின் கை மெதுவில்லை. அவனுக்கு இன்னும் ஒரு விநாடி இருந்தது.