அத்தை மகன் வந்த ஞாயிற்றுக்கிழமை

அப்பாவின் தங்கையான என் அத்தை, திருச்சி கே.கே. நகரில் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு ஒரு மகன் உண்டு. அவனுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது மாமா அவனைத் தூக்கிக்கொண்டு மும்பைக்குப் போய்விட்டார். அதன்பின் கண்ணில் காட்டவே இல்லை. அவனுடைய ஆறாவது வயதில் யார் கல்யாணத்துக்கோ அவர்கள் திருச்சி வந்தார்கள். பெரியவர்கள் மாமாவிடம் மன்றாடி, காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை பையனை அத்தையோடு விட ஒப்புக்கொள்ள வைத்தார்கள். தான்தான் அம்மா என்பதை அவளே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. பையன் மிரளாமல் இருக்க, ஒன்பது வயதான என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

"நீ எதையும் உளறி வைக்காத" என்றார் அப்பா. நான் உளறவில்லை.

ரயில் அருங்காட்சியக வாசலில் அவனுடைய சித்தப்பா அவனை இறக்கிவிட்டுப் போனார். அத்தை கையை நீட்டினாள். அவன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீராவி எஞ்சினைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். கைவிளக்கு, மணி, பழைய டிக்கெட் என்று எல்லாவற்றுக்கும் நானே விளக்கம் சொன்னேன், பாதி புளுகு. குட்டி ரயிலில் ஒரு இருக்கைக்கு இரண்டு பேர்.

"நான் அவன் பக்கத்துல உக்காந்துக்கட்டுமாம்மா?" என்று அத்தை என்னிடம் கேட்டாள். முடியாது என்றேன். அவள் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள்.

ரயில் நகர்ந்ததும் அவன் என் காதருகே, "அந்த ஆன்ட்டி உன் அம்மாவா?" என்றான்.

"இல்ல, அத்தை."

"நல்ல ஆன்ட்டி."

பிறகு ஸ்ரீரங்கத்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு பஸ்ஸில் போனோம். அங்கே மரநிழலில் லட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, "கண்ணா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அத்தை ஆரம்பித்தாள். அதே சமயம் நீலமாக ஒன்று பறந்தது. "அதோ!" என்று அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஆடி முடித்துத் திரும்பியபோது சித்தப்பா வந்து நின்றிருந்தார். நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"ஆன்ட்டிக்குத் தேங்க்ஸ் சொல்லு" என்றார். சொன்னான்.

"போயிட்டு வாப்பா" என்றாள் அத்தை. அவன் என்னைப் பார்த்துக் கையசைத்தபடியே போனான். அடுத்து நாங்கள் அவனைப் பார்த்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. விஷயம் தெரிந்திருந்தும் அவன் வாயில் ஆன்ட்டி என்றுதான் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் பெருமையடிக்கத் தொடங்கினேன். அவன் என்னை விடவே இல்லை, என்னோடுதான் பேசினான் என்று. அம்மா அதட்டினாள்.

"விடுங்க அண்ணி, சொல்லட்டும்" என்றாள் அத்தை.

என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். குட்டி ரயிலில் என்ன பேசினான், எதற்குச் சிரித்தான், கையை இறுக்கிப் பிடித்தானா, உள்ளங்கை சூடாக இருந்ததா. எல்லாம் சொல்லி முடித்தேன்.

"இன்னொரு தடவை, முதல்லேருந்து சொல்லு."

மூன்று முறை சொன்னேன். அத்தைக்குக் குட்டி ரயில் என்றால் இவ்வளவு ஆசை என்று எனக்கு அதுவரை தெரியாது.