இடக்கை முடிச்சு

கெங்கம்மாவுக்கு வாய் நீளம், கால்தான் ஒன்று. ராயபுரத்தில் தண்டவாளத்தைத் தாண்டும்போது கூட்ஸ் வண்டி ஏறி, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அது ஐம்பத்திரண்டாம் வருஷம். மீன்கூடையோடு தண்டையார்பேட்டைத் தெருக்களை ஒரு கை பார்த்தவள், பத்து மாதம் குடிசையில் உட்கார்ந்து பிறத்தியார் ஊற்றிய கஞ்சியைக் குடித்தாள். கால் போனதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கட்டைக்கால் கொடுத்தார்கள். பாதமெல்லாம் கிடையாது, அடியில் உருண்டைக் கட்டை, அவ்வளவுதான். கால் செய்யும் திருமலை தோல்வாரை இறுக்கி, பக்கிளை மாட்டினார்.

"இன்னா நைனா, இவ்ளோ லேசா கீது?"

"வெறகுத் தொட்டில கெடந்த பழைய கட்டமரம்மா. தண்ணி பாத்த மரம், வெடிக்காது."

கெங்கம்மா குனிந்து பார்த்தாள். கட்டையில் மூன்று கோடு, நடுவில் ஒரு குழி. கரையில் கிடக்கும் கட்டுமரங்களில் தன்னுடையதை அடையாளம் காண, அவள் புருஷன் மண்ணாங்கட்டி இடக்கையால் செதுக்கிய குறி! எட்டு வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனவன் வரவில்லை. கட்டுமரம் மட்டும் வந்தது. அப்படித் தனியாக வந்த மரத்தைக் கடலிலேயே விட்டுவிடுவது குப்பத்து வழக்கம். அவளோ அடுப்பெரியாத கொடுமையில், ஒருவருக்கும் தெரியாமல் விறகுத் தொட்டிக்காரனிடம் விற்றுவிட்டாள்.

குப்பத்தில் சொன்னால் காலைப் பிடுங்கிவிடுவார்களே! வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வியாபாரம் சூடு பிடித்தது. ஆனால் மூலையில் சாத்திவைத்த கால் காலையில் வாசலோரம் நிற்கும், அடியில் ஈரமணலோடு. தெருவில் மேற்கே திரும்பினால் அது கிழக்கே, கடல் பக்கம் இழுக்கும்.

ஒருநாள் குப்பத்துப் பெரியவர் கோதண்டம் அந்தக் குறியைப் பார்த்துவிட்டார். சேதி பரவி, மறுநாளே அவள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மே இது! கடலுக்குச் சேர வேண்டியத வூட்ல வச்சிகினு கீறியே! ஆளுங்க கட்டமரத்துல கால் வெக்கவே பயப்படுறானுங்க. குட்த்துடு."

"குட்த்துட்டு நான் எதுல நிக்கறது மாமா? என் கூடைய நீ தூக்கினு போவியா?"

அவர் அப்படியும் கட்டைக்காலை வாங்கிக்கொண்டு போய், அலைக்கு அப்பால் வீசிவிட்டு வந்தார். கெங்கம்மா மண்ணில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி கஞ்சிதான், மறுபடி பிறத்தியார் கைதான் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால், வாசலில் கால் நிற்கிறது! பக்கிளைக் காணோம். தோல்வார் முடிச்சுப் போட்டிருந்தது. இடக்கைக்காரன் போடும் முடிச்சு. வெட்டுண்ட காலை உள்ளே நுழைத்தாள். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை.

"இத்தினி வருசம் எங்கய்யா பூட்டே?" என்று தேம்பினாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். அன்று கட்டை கிழக்கே இழுக்கவில்லை.

அவள் போன வழியே கோதண்டம் வந்தார். ஈரமணலில் வலப்பக்கம் கெங்கம்மாவின் சிறிய பாதம். இடப்பக்கம், உருண்டைக் கட்டை பதிந்திருக்க வேண்டிய இடத்தில், ஐந்து விரலோடு ஓர் ஆம்பளைப் பாதம். தெருமுனை வரை இரண்டும் சேர்ந்தே போயிருந்தன.

ஆட்கள் எழுந்து வருவதற்குள் அவர் அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகக் காலால் அழித்தார். பிறகு கரைக்குப் போய், "பயப்பட ஒண்ணும் இல்லடா, போங்க" என்று அவர்களைக் கடலுக்கு அனுப்பினார்.