பின்சுவரில் ஊன்றிய முருங்கை

பழிவாங்குவதற்காக மரம் நட்டவள் நான். மலேசியாவில், கிள்ளான் மேருவில், எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நான் வளர்த்த முருங்கையை, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் ஆள் வைத்து வெட்டிவிட்டார்.

"பூவெல்லாம் புதுக் காடி மேல கொட்டுது. பூச்சி வேற. ஒரே குப்பை லா," என்றார், தன் காரைத் துடைத்தபடி.

வெட்டிப்போட்ட கிளைகளில் தடித்தவற்றைப் பொறுக்கி, அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டிய சந்தில் வரிசையாக ஊன்றினேன். முருங்கைக் கொம்பு அப்படியே வேர்விட்டுவிடும். கம்பளிப்பூச்சி அவர் ஜன்னலில் ஏறப்போகும் நாளை நினைத்தே மழைக்காலத்தைக் கழித்தேன்.

மரங்கள் சுவரைத் தாண்டின. பூச்சி வரவில்லை. ஒரு காலையில் அவர்தான் கை நிறையக் கீரையோடு வந்தார்.

"எனக்குச் சுகர் இருக்குல்ல, டாக்டர் கீரை சாப்பிடச் சொன்னாரு. பின்னால தானா முளைச்சிருக்கும்மா. உங்க மரத்த வெட்டினதுல இருந்து மனசே சரியில்ல. சாமியாப் பார்த்துக் கொடுத்திருக்கு."

வாங்கி வதக்கினேன். ருசியாக இருந்தது, அதில் எரிச்சல் இன்னும் கூடியது. இப்போது வாரம் தவறாமல் கொண்டுவருகிறார். முகம் தெளிந்திருக்கிறது, நடையில் வேகம் வந்திருக்கிறது. அவர் நன்றாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் நட்டதற்குச் சாமி பேர் வாங்கிக்கொண்டு போனதுதான் இன்னும் ஆறவில்லை.