வின்ச்சை எதில் கட்டுவது

வண்டிக்கு வின்ச் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. சாப்பாட்டு மேசையில் ஓடியது, ரயிலில் ஓடியது, உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தப் பந்தியில்கூட ஓடியது. பக்கத்தில் சாப்பிட்டவர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டு ரசத்தை மெதுவாகக் குடித்தார்கள். எங்களிடம் சொத்தெல்லாம் இல்லை. தகராறு என் கணவரின் முதுகைப் பற்றியது.

ஊரின் வட கோடியில், கிராஞ்சியில் எங்களுக்குக் குத்தகை நிலத்தில் ஒரு சின்னத் தோட்டம். வாழை, மாவிலை, துளசி, தோரணத்துக்குத் தென்னங்குருத்து. தமிழர் கடைத்தெருவான தேக்காவில் கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் வாசலில் நிற்கும் வாழைமரங்களில் கொஞ்சம் எங்களுடையவை. வெட்டுவது அவரும் எங்களிடம் வேலை பார்க்கும் இரண்டு தம்பிகளும். கட்டுவது நான். இலை கிழியாமல் மரத்தைச் சுருட்டி, மேலும் கீழும் நடுவிலும் கயிறு போட வேண்டும். என் முடிச்சு பேர்போனது. இரட்டைச் சுற்று, வாலை உள்ளே செருகி ஓர் இழுப்பு. தேக்காவில் கேம்பல் லேன் பூக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கத்தியைத் தேடிக்கொண்டே, "ஏன்க்கா, மரம் எழுந்து ஓடிப்போயிடுமா?" என்று கேட்பார்.

வாழை நிற்பது தோட்டத்தின் பின்புறம், குளத்தை ஒட்டி. தார்ச்சாலையிலிருந்து அங்கே போக ஒரு மண்பாதைதான். வெயில் காலத்தில் அது பாதை. மழை பிடித்துக்கொண்டால் இட்லி மாவு. கல் கொட்டலாம் என்றால் பாதை எங்கள் குத்தகைக்குள் இல்லை. அரசாங்க நிலம். கேட்டோம், பார்க்கிறோம் என்றார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அதனால்தான் அந்த வண்டியை வாங்கினோம். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்அப். முதலில் வைத்திருந்தவர் விடுமுறை கிடைத்தால் எல்லை தாண்டி ஜோகூர்க் காட்டுக்குள் போய்ச் சேற்றிலும் ஆற்றிலும் வண்டி ஓட்டுகிறவர். ஊரெல்லாம் கண்ணாடி மாதிரி சாலை போட்டு வைத்திருக்க, காசு கொடுத்துச் சேற்றைத் தேடிப் போகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வண்டியை விற்கும்போது அவர் வின்ச்சை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். வின்ச் என்பது வண்டியின் முன்னால் பொருத்தும் மின்சார உருளை. அதில் சுற்றியிருக்கும் கயிற்றை இழுத்துப் போய் ஏதாவது உறுதியான ஒன்றில் மாட்டி, பொத்தானை அழுத்தினால் வண்டி தன்னைத்தானே சேற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். அது இருந்த இடம் பல் விழுந்த வாய் போல இருந்தது. நாங்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பக்கத்தில் அலங்கார மீன் வளர்த்த சீன அங்கிளிடம் டிராக்டர் இருந்தது. மாட்டிக்கொண்டால் ஒரு போன். வாயில் சிகரெட்டோடு வந்து, இழுத்துப் போட்டுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போவார். பிறகு அவருடைய குத்தகை முடிந்தது. மீன்களும் போயின, டிராக்டரும் போயிற்று.

அதே வருஷம்தான் என் கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. முதுகெலும்புத் தட்டு நழுவி நரம்பை அழுத்தி, இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது, இன்னொரு முறை நழுவினால் கால் திரும்புமென்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். இவர் சமர்த்துப் பையன் போலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிறேன். அதற்கு, நீங்கள் சொல்லி முடியுங்கள், நான் போய் என் வேலையைப் பார்க்கிறேன் என்று அர்த்தம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பாதை குளத்துப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு பெரிய அரசமரம் நிற்கிறது. வீடு மாறுகிறவர்கள், என்ன செய்வதென்று தெரியாத சாமிகளையெல்லாம் அதன் அடியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தும்பிக்கை நுனி உடைந்த பிள்ளையார் ஒருவர், தாடி வைத்த சீன சாமிகள் சிலர், எல்லோரும் தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். என் கணவர் வெள்ளிக்கிழமை தோறும் பேதம் பார்க்காமல் எல்லோரையும் கழுவி விடுவார். எனக்கும் சாமிக்கும் அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. அவரைக் கேலி செய்வதற்குக் கிடைக்கிற நல்ல சாக்குகளில் சாமியும் ஒன்று.

ஆனால் அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன காலையில் என்னால் ஆஸ்பத்திரியில் உட்கார முடியவில்லை. டாக்சி பிடித்துக் கிராஞ்சிக்கு வந்தேன். மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு வெள்ளிக் காசை வைத்து அந்த அரசமரத்தைச் சுற்றிக் கட்டினேன். இவர் முழுசாகக் குணமானதும் வந்து அவிழ்க்கிறேன், காசு உனக்குத்தான் என்று பிள்ளையாரிடம் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போய், எங்கும் போகாதவள் போல உட்கார்ந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் ஆயுசுக்கும் என்னைக் கேலி செய்வார்.

அடுத்த மழையில் வண்டி மாட்டியது. தீபாவளிக்கு மாவிலை ஏற்றிக்கொண்டு வரும்போது பின்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. தம்பிகள் இருவரும் தள்ளினார்கள். இவர் முதலில் ஓரமாக நின்று யோசனை சொன்னார், பிறகு கையை மட்டும் வைத்தார், அப்புறம் தோளையும் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் தள்ளும்போது சும்மா நிற்பது அவருக்கு ஆகாது. வண்டி வெளியே வந்தது. அவருடைய கை மெல்ல முதுகுக்குப் போனதை நான் பார்த்துவிட்டேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். தம்பிகள் முன்னால் கன்னாபின்னாவென்று திட்டித் தீர்த்தேன்.

அன்றைக்கே வின்ச் வாங்குவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். பக்கத்துத் தொழிற்பேட்டையான சுங்கை காடுட்டில் எங்கள் வண்டியைப் பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். விற்க வேண்டிய மனிதரே என்னைத் தடுத்தார். முதலில் டயரில் காற்றைக் குறைத்துப் பாருங்கள், சக்கரத்துக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் பலகை வாங்குங்கள், பாதி நேரம் அதிலேயே வேலை முடிந்துவிடும் என்றார். இழுக்க இன்னொரு வண்டி உண்டா என்று கேட்டார். அங்கிள் போன கதையைச் சொன்னேன். எவ்வளவு தூரம் சேறு என்று கேட்டார். அதையும் சொன்னேன். கடைசியாகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சரிக்கா, வின்ச் போட்டுடலாம். இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் நான் பார்த்துக்கிறேன். ஆனா எதுல கட்டுவீங்க? பிடிச்சுக்க ஒன்னும் இல்லன்னா அது சும்மா அழகுக்குத்தான் லா."

நான் பாதை முழுக்க நடந்து பார்த்தேன். ஒரு பக்கம் எங்கள் மாங்கன்றுகள். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். தென்னை தள்ளி நிற்கிறது. அங்கிளின் வேலியைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். விளக்குக் கம்பத்தில் கட்டினால் ஜெயிலில்தான் வாழை பயிரிட வேண்டும். வண்டி வழக்கமாகப் புதையும் இடத்துக்கு நேர் எதிரே, யாரோ அளந்து வைத்தது போல நிற்பது அந்த அரசமரம் ஒன்றுதான். அதில் இருக்கும் என் துணிமேல் படாமல் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்று மாலையே அவரிடம் சொன்னேன். மரத்தின் பட்டை கிழியாமல் இருக்க அகலமான பெல்ட் இருக்கிறது, அதைச் சுற்றித்தான் கயிற்றை மாட்டுவார்கள், மரத்துக்கு ஒரு கீறலும் விழாது என்று பாய் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"அந்த மரத்துல கட்ட வேணாம்," என்றார்.

ஏன் என்று கேட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம். உங்கள் பிள்ளையாரைவிட உங்கள் முதுகு மட்டமா என்று கேட்டேன். அவரே வந்து தள்ளுவாரா, தும்பிக்கை வேறு பாதிதான் இருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தேன். வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சுக்குச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக் பலகை வாங்கினோம். அது சில நாள் வேலை செய்தது, சில நாள் சேற்றுக்குள் போய் மறைந்துகொண்டது. பலகையைத் தோண்டி எடுப்பது தனி வேலையாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவரைத் தடுக்க நான் வண்டியைவிட்டு இறங்கி ஓட வேண்டியிருந்தது. வின்ச் பேச்சு மறுபடி எழும், அரசமரத்தில் முட்டி நின்றுவிடும்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் வாழை ஏற்றினோம். வண்டி கொள்ளாத பாரம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. நான் ஓட்டினேன். அரசமரத்துக்கு எதிரே வண்டி அப்படியே உட்கார்ந்தது, அச்சு வரைக்கும். தம்பிகள் இறங்கினார்கள். பக்கக் கண்ணாடியில் பார்க்கிறேன், இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வருகிறார்.

என்ஜினை அணைத்தேன். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நீங்கள் அங்கிருந்து நகரும்வரை இந்த வண்டி இங்கேயே நிற்கும், தேக்காக்காரர்கள் இந்த வருஷம் வாழை இல்லாமல் பொங்கட்டும் என்றேன். தம்பிகள் தங்களுக்கு எதுவும் கேட்காதது போல டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கதவைப் பிடித்தபடி மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அதுல ஏற்கெனவே ஒன்னு கட்டியிருக்கு. அதுக்கு மேல பெல்ட்டப் போட்டு இழுத்தா அறுந்துடும். எனக்கு மனசு வரல."

"யார் கட்டினதோ," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த முதல் வெள்ளிக்கிழமையே பார்த்தேன். இந்த ஊர்ல வேற யாரு அப்படி முடிச்சுப் போடுவா?"

அத்தனை வெள்ளிக்கிழமையும் அவர் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே சாமிகளைக் கழுவியிருக்கிறார். பிள்ளையாரை நான் கேலி செய்தபோதெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அதை வைத்து என்னை ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்ததால் சேற்றைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

அதை எப்போது அவிழ்ப்பதாக வேண்டிக்கொண்டாய் என்று கேட்டார்.

"நீங்க முழுசா குணமானதும்."

"இப்ப குணம்தானே?"

"நீங்க தள்ளிக்கிட்டே இருந்தா எப்படிக் குணமாகும்? இனிமே தள்ள மாட்டேன்னு சொல்லுங்க. இப்பவே அவுக்கிறேன்."

டாக்டரிடம் ஆட்டிய தலையாட்டலை என்னிடம் ஆட்டிவிடுவாரோ என்று பயந்தேன். ஆட்டவில்லை. வண்டியைப் பார்த்தார், பின்னால் நின்ற தம்பிகளைப் பார்த்தார். தன்னைவிட இளையவர்கள் சேற்றில் நிற்க, தான் கரையில் நிற்கப் போகும் நாட்களையெல்லாம் அவர் அப்போதே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

"தள்ள மாட்டேன்," என்றார்.

நாங்கள் இருவரும் மரத்துக்குப் போனோம். வெயிலும் மழையும் பட்டுத் துணி வெளுத்திருந்தது, முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. என் நகம் உடைந்ததே தவிர அது அசையவில்லை. வண்டியில் கத்தி இருக்கிறது என்றேன். அறுக்க வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து உட்கார்ந்து, குளத்துத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தார். கேம்பல் லேன்காரர் சொல்வது சரிதான் என்று நடுவில் ஒருமுறை முணுமுணுத்தார். காசு என் உள்ளங்கையில் விழுந்தது. கறுத்துப் போயிருந்தது.

அன்றைக்கு வாழையைத் தம்பிகள் தார்ச்சாலைவரை சுமந்தார்கள், வாடகை லாரியில்தான் தேக்காவுக்கு அனுப்பினோம். பாரம் இறங்கியபின் வண்டி பலகைமேல் ஏறி வந்தது. பொங்கல் முடிந்ததும் பாய் வின்ச்சைப் பொருத்திக் கொடுத்தார். கயிறு அறுந்தால் தெறிக்காமல் இருக்க அதன் நடுவில் ஈரச் சாக்கைப் போட வேண்டும், இழுக்கும்போது யாரும் கிட்டே நிற்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் என்று அவர் சொன்னபோது நான் என் கணவரைப் பார்த்தேன். வின்ச்சில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

இப்போது வண்டி புதைந்தால் தம்பிகளில் ஒருவன் பெல்ட்டை மரத்தில் சுற்றுகிறான். துணி கட்டியிருந்த இடத்தில் பட்டை இன்னும் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. அதே இடம்தான் பெல்ட்டுக்கும் தோதாக இருக்கிறது. நான் பொத்தானை அழுத்துவேன். அவர் குளக்கரையில், முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு கையை இன்னொரு கை இறுகப் பிடித்திருக்கும்.

காசை நான் இன்னும் பிள்ளையாருக்குக் கொடுக்கவில்லை. வண்டியின் முன்பலகையில், அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்கிறேன். கடனை எப்போது கொடுக்கப் போகிறாய் என்று போன வெள்ளிக்கிழமை கேட்டார். நீங்கள் தள்ளாமல் ஒழுங்காக நிற்கிற வரைக்கும் பிள்ளையார் பொறுத்துக்கொள்வார் என்றேன்.