சிவப்பாய் வந்த டீசல்

1. பாலத்தில் நின்ற கார்

அந்தச் சனிக்கிழமை காலை என் கராஜில் தொலைபேசியை எடுத்ததும் முதலில் கேட்டது அழுகை. பிறகுதான் அருள்தாஸின் குரல் வந்தது.

"அண்ணை, கார் பாலத்திலை நிண்டுட்டுது. கலியாணப் பொம்பிளை உள்ளுக்கை இருக்கிறா. அவாதான் அழுகிறா."

"பொம்பிளையை வேறை வாகனத்திலை ஏத்தி அனுப்பும். காரை இஞ்சை இழுத்துவரச் சொல்லும்" என்றேன். ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட் மண்டபத்தில் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த தாய்மாமனின் வான் வண்டியில், குளிர்காலச் சப்பாத்துகளுக்கும் சாப்பாட்டுத் தட்டுகளுக்கும் நடுவில் மணப்பெண் போய்ச் சேர்ந்தாள். தாலி நேரத்துக்கு ஏறியது. அருள்தாஸின் மானம்தான் பாலத்தில் நின்றது.

அருள்தாஸ் மன்னார்க்காரன். புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுஸில் சுப்பர்வைசர். நல்ல உழைப்பாளி. ஆனால் எண்பதுகளில் செய்த ஓர் அமெரிக்க டீசல் சொகுசுக் காரை லொங்குய்யில் ஒரு கிழவரிடம் வாங்கிவிட்டான். வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு வெல்வெட், முன்பக்கம் மட்டும் ஒரு கட்டில் அளவு. கலியாணங்களுக்கு ஓடலாம் என்பது அவன் கணக்கு. யானை வாங்கியவன் அங்குசத்தையும் வாங்க வேண்டுமல்லவா. அங்குசமாக என்னைப் பிடித்தான்.

கார் ஓட்டுகிற வேலை ரெஜிக்கு. அருள்தாஸின் மனைவி பிலோமினாவின் தம்பி அவன். நாட்டை விட்டு வந்து அகதி வழக்குப் போட்டிருந்தான், தீர்ப்பு வரவில்லை. அக்கா வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தான். அதைவிட்டால் அவனுக்கு இந்த ஊரில் போக்கிடமில்லை.

இந்த டீசல் கார்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பெற்றோல் விலை ஏறிய காலத்தில் அமெரிக்கர்கள் தங்கள் பெரிய கார்களுக்குள் டீசல் என்ஜினை வைத்தார்கள். ஓட்டம் சுகமாக இருக்கும். ஆனால் என் கைக்கு வந்த எதிலும் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் இருந்ததில்லை. டீசல் தாங்கிக்குள் போகிற தண்ணீர் நேரே இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் போகும். பம்ப் துருவேறிக் கறள் பிடித்தால் கார் நின்றுவிடும். அந்தப் பம்பைத் திருத்தத் தெரிந்தவர்கள் இப்போது அருமை. ஆகவே இந்தக் கார் கராஜுக்கு வந்தால் நான் முதலில் என்ஜினைப் பார்ப்பதில்லை, தாங்கியைப் பார்ப்பேன்.

சந்தேகம் எனக்குத் தொழிலோடு வந்த குணம். "இந்த மனுசன் சோத்தையும் மணந்து பாத்துத்தான் தின்னும்" என்று என் மனுசி சொல்லுவாள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தத் தொழிலில் சந்தேகப்படத் தெரியாதவன் கடைசிவரை ஒயில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கார் நின்றது இது முதல் தடவை அல்ல. முதல் தடவை தாங்கிக்குள் தண்ணீர் இருந்தது. விற்ற கிழவரைச் சந்தேகப்பட்டேன். சாவியைக் கொடுக்கும்போது "ஜமே த புரொப்ளேம்" என்று மூன்று தரம் சொன்னவர் அவர். ஒரு பிரச்சினையும் இருந்ததே இல்லை என்று ஒருவன் மூன்று தரம் சொன்னால் பிரச்சினை மூன்று என்று அர்த்தம். அடியில் கிடந்த சிவப்பைக் கறள் என்று நினைத்துத் தாங்கியைக் கழற்றிக் கழுவி மறுபடி பொருத்தினேன். இரண்டாம் தடவையும் தண்ணீர். டீசல் அடித்த நிலையத்தைச் சந்தேகப்பட்டு இடத்தை மாற்றச் சொன்னேன். யாராவது கை வைக்கிறார்களோ என்றும் தோன்றியது. இந்தக் காருக்கு டீசல் ஊற்றுகிற வாய் பின்பக்க நம்பர் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. தட்டை மடக்கினால் யாரும் திறக்கலாம். அதற்குப் பூட்டு வைத்த மூடி ஒன்று போட்டுக் கொடுத்தேன். சாவி இரண்டு. ஒன்று அருள்தாஸின் கோர்வையில், மற்றது கார்ச் சாவியோடு சேர்ந்து அவர்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து ஆணியில்.

பூட்டிய மூடிக்குப் பிறகும் மூன்றாம் தடவை நின்றதுதான் பாலத்து வேலை.

2. போத்தலில் தெரிந்தது

தாங்கியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் டீசல் பிடித்தேன். கலங்கலாக, சிவப்பாக வந்தது. பக்கத்தில் நின்ற அருள்தாஸின் முகமும் சிவந்தது.

"சிவப்பு எண்ணெய், அண்ணை. வீடு சூடாக்கிற எண்ணெய். இப்ப விளங்குது."

வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு இங்கே சிவப்புச் சாயம் கலப்பார்கள். அதற்கு வரி குறைவு. தெருவில் ஓடும் வாகனத்துக்கு ஊற்றிப் பிடிபட்டால் குற்றம்.

"என்ன விளங்குது?" என்றேன்.

"ரெஜிதான். நல்ல டீசல் அடிக்கக் குடுக்கிற காசை அமத்திப்போட்டு, எங்கையோ மலிவா வாங்கி ஊத்துறான்."

"பொறும், அருள். சாயமெண்டால் அப்பிடியே நிக்கும். வேறை ஏதுமெண்டால் அடியிலை படியும். விடியப் பாப்பம்."

அவன் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய் பிலோமினாவிடம், "உன்ரை தம்பி கண்ட கண்ட எண்ணெயை ஊத்திக் காரைப் பழுதாக்கிறான்" என்று சத்தம் போட்டிருக்கிறான். அவள் தம்பிக்காகச் சத்தியம் செய்தாளாம். அது எனக்குப் பிறகு தெரிந்தது.

மறுநாள் போத்தலில் மேலே தெளிந்த டீசல், அதன் கீழே தண்ணீர், அடியில் சிவந்த மண். ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தேன். நெருநெருவென்றது. சாயம் இல்லை என்பது உறுதியாயிற்று. ஆனால் அது நல்ல செய்தியாக இருக்கவில்லை. மலிவு எண்ணெய் ஊற்றுகிறவன் கள்ளன். மண் போடுகிறவன் எதிரி.

திங்கட்கிழமை அருள்தாஸ் வேலை முடிந்து வந்து போத்தலைப் பார்த்தான்.

"இது தானாப் போகுமோ அண்ணை?"

"பூட்டின தாங்கிக்கை மண் தானாப் போகாது. ஆரோ போட்டது."

நான் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். ஆனால் 'ஆரோ' என்று நான் சொன்னதை அவன் 'ரெஜி' என்று எழுதிக்கொண்டான்.

காரணமும் வைத்திருந்தான். வெயர்ஹவுஸில் ரெஜிக்குச் சனிக்கிழமை வேலை கிடைத்திருந்தது. கலியாணக் கார் ஓடுவதால் அதை விடவேண்டி வந்தது. ஒருநாள் கோபத்தில், "இந்த ஆனை விழுந்து சாகட்டும்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறான்.

"கார் செத்தால் அவனுக்கு விடுதலை. வேறை ஆருக்கு அண்ணை லாபம்?" என்றான் அருள்தாஸ். "இந்தக் கிழமையோடை அவனை வெளிக்கிடச் சொல்லப்போறன். வழக்குக்கு என்ரை விலாசத்தையும் குடுக்கேலாது."

வெளியில் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. இந்த ஊரில் கார்த்திகை பிறந்த பிறகு ஒருவனை வீட்டைவிட்டு அனுப்புவது விளையாட்டு அல்ல. "கொஞ்சம் பொறும், நான் அவனோடை கதைக்கிறன்" என்றேன்.

3. ரெஜி சொன்னது

ரெஜி பஸ் எடுத்து வந்தான். மெலிந்த ஆள், பேச்சு குறைவு. போத்தலைக் காட்டினேன். தூக்கிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தான்.

"தம்பி, உள்ளதைச் சொல்லும்."

"நான் போடேல்லை அண்ணை. சனிக்கிழமை ஓட எனக்கு விருப்பமில்லை. அதை அத்தானுக்கு முகத்துக்கு நேரை சொன்னனான். பின்னாலை செய்யிறவன் முன்னாலை சொல்லுவனே?"

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததாலேயே எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

"பாலத்திலை அந்தக் கார் நிக்கேக்கை ஸ்ரேறிங்கைப் பிடிச்சிருந்தது நான்" என்றான். "பின்னாலை பெரிய லொறி வந்தது. மண்ணைப் போட்டுட்டு அதுக்குள்ளை நான் ஏறி இருப்பனே?"

அவன் போன பிறகு சந்தேகத்தை அருள்தாஸ் மேல் திருப்பினேன். மச்சானை வீட்டைவிட்டு அனுப்ப அவனே செய்கிறானோ? அவன் அந்தக் காரைத் துடைக்கிற விதத்தைப் பார்த்தால் அதுவும் பொருந்தவில்லை. வேறு கலியாணக் கார் வைத்திருப்பவர்களை நினைத்தேன், அவர்களிடம் சாவி இல்லை. விற்ற கிழவரைக்கூட இன்னொரு தரம் நினைத்துப் பார்த்தேன். பாவம், மனுசன் லொங்குய்யில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

பிலோமினாவை மட்டும் நான் நினைக்கவே இல்லை. அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. சாவி அவள் குசினியில்தான் தொங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டும் நினைக்கவில்லை.

4. பிலோமினா வந்த நாள்

அடுத்த சனிக்கிழமை மூவரும் அருள்தாஸின் மற்றக் காரில் கராஜுக்கு வந்தார்கள். என் வாயால் கேட்டால் ரெஜி ஒப்புக்கொள்வான் என்று அருள்தாஸ் அவனைக் கூட்டி வந்தான். ரெஜியின் தோளில் ஒரு பை. அவன் தயாராகத்தான் வந்திருந்தான். பிலோமினா தம்பிக்காக என்னிடம் மன்றாட வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"குகன் அண்ணை, நீங்களெண்டாலும் சொல்லுங்கோ. இவன் அப்பிடிக் கண்ட எண்ணெயை ஊத்துற பிள்ளை இல்லை."

"எண்ணெய் இல்லை தங்கச்சி. மண்" என்று போத்தலை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அருள்தாஸ் அவளிடம் மண் கதையைச் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அந்தப் போத்தலைக் கண்ணில் ஒற்றினாள்.

"இது மடு மண்ணெல்லோ" என்றாள்.

நாங்கள் மூவரும் அவளைப் பார்த்தோம். அவளுக்கு எங்கள் முகங்கள் விளங்கவில்லை.

"அம்மா மடுவிலையிருந்து குடுத்துவிட்ட மண். தம்பி பாலம் தாண்டிப் போற நாளுகளிலை தீர்த்தத்திலை கரைச்சு, மூடியைத் திறந்து தாங்கிக்கை ஒரு கரண்டி விடுறனான். மாதாவே, பிள்ளையைக் காப்பாத்தும் எண்டு."

மன்னாரில் மாதாவின் மடுத் திருத்தலத்து மண்ணை வீட்டைச் சுற்றித் தூவுவார்கள், பாம்பு தீண்டாது என்று நம்புவார்கள். எங்கள் சைவக்காரர்களும் எடுத்து வருவதுண்டு. எங்கள் ஆட்கள் புதுக் காரின் ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசிப்பார்கள், அது தெருவோடு போய்விடும். டீசலுக்குள் விடலாம் என்று இதுவரை ஒருவருக்கும் தோன்றியதை நான் கேள்விப்படவில்லை.

"அது விட்டபடியால்தானே கார் நிண்டது, தங்கச்சி" என்றேன்.

"ஓம் அண்ணை. நானும் அதைத்தான் நினைச்சனான். மாதாதான் நிப்பாட்டினவ. நிப்பாட்டாட்டில் அண்டைக்கு எங்கையாவது அடிபட்டிருக்கும். அதாலைதான் பேந்தும் பேந்தும் விட்டனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அருள்தாஸுக்கும் வந்தது. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், ஒரு பாரம் இறங்கியவனைப் போல. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமும் இல்லை, வெறும் பக்திதான். சிரித்து முடித்துவிட்டு ரெஜியின் தோளைத் தட்டினான்.

"சரி சரி. முடிஞ்சுது. பையைக் காருக்கை வை. வீட்டை போவம்."

ரெஜி சிரிக்கவில்லை. பையும் தோளிலேயே இருந்தது.

"இல்லை அத்தான். நான் போறன்."

"என்னடா இது? அதுதான் ஆரெண்டு தெரிஞ்சிட்டுதெல்லோ."

"அக்கா எண்டு தெரிஞ்சாப் பிறகு சிரிக்கிறியள். நான் எண்டு நினைக்கேக்கை பனிக்குள்ளை போ எண்டனீங்கள்."

அருள்தாஸுக்கு முகம் இறுகியது. "உன்னைக் கேக்காமல் நான் ஒண்டும் செய்யேல்லை. எத்தினை தரம் கேட்டனான்?"

"கேள்வி கேட்டனீங்கள் அத்தான்" என்றான் ரெஜி. "மறுமொழியைக் கேக்கேல்லை."

அக்காவின் கையைப் பிடித்து, "நீ அழாதை, உன்னிலை எனக்கொரு கோவமும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து போனான். கோட்-டெ-நேஜில் பழக்கமான ஒருவனின் அறையில் இடம் கேட்டு வைத்திருந்தானாம். பஸ் நிற்கும் இடம்வரை பிலோமினா அவன் பின்னால் பனியில் ஓடினாள். அருள்தாஸ் என் கராஜ் நடுவில் நின்றான். நான் தாங்கியைக் கழற்றக் காருக்குக் கீழே போனேன்.

5. இன்றைக்கு

காரைத் திருத்திக் கொடுத்தேன். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் பொருத்தினேன். இன்றுவரை நிற்காமல் ஓடுகிறது. சனிக்கிழமைகளில் அருள்தாஸ்தான் ஓட்டுகிறான். ஞாயிறு பூசை முடிந்து பிலோமினா சோறு கட்டிக்கொண்டு அருள்தாஸோடு அதே காரில் தம்பியின் அறைக்குப் போகிறாள். ரெஜி கீழே இறங்கி வந்து வாங்குவான். அத்தானுக்கு வணக்கம் சொல்லுவான், மரியாதைக்குக் குறைவில்லை. "ஏறு, ஒரு ரவுண்ட் போட்டுட்டு வருவம்" என்று அருள்தாஸ் ஒவ்வொரு கிழமையும் கேட்கிறான். ரெஜி இன்னும் ஏறவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கழற்றிய சாமானைச் சந்தேகியுங்கள், விற்றவன் சொன்னதைச் சந்தேகியுங்கள், உங்கள் கையையே சந்தேகியுங்கள். நானும் இன்னும் அப்படித்தான். ஆனால் தாங்கிக்குள் இருக்கக் கூடாதது ஒன்று இருந்தால், அந்த வீட்டில் உள்ள எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டுக் காட்டுங்கள், கார் ஓடத் தெரியாதவர்களையும் சேர்த்து. ஒருவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். அப்படி விசாரித்தீர்களென்றால், அவன் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வையுங்கள். பம்ப் பழுதானால் மட்டும்தான் எங்காவது தேடி வேறொன்று எடுக்கலாம்.